தானாப் போற சீக்காப் பாத்துப் பிடியும், மருமவனே!

வாரும் மருமவனே, இப்படித் திண்ணையில உக்காரும். மெட்ராசுல கம்ப்யூட்டர் வேலையை விட்டுட்டு மூலிகை வைத்தியராயிட்டீருன்னு கேள்விப்பட்டேன். சந்தோசம். நம்ம சாத்தான்குளம் பக்கத்துப் பயலுவ பூராவும் சென்னைக்கும் சவூதிக்கும் போயி, கடைசியில சர்க்கரையும் பிரஷருமாத் திரும்பி வாரானுவ. நீரு ஒருத்தராவது வைத்தியராத் திரும்பி வந்தீரே. போர்டுகூட அடிச்சாச்சாம். "பக்கவிளைவே இல்லாத பாரம்பரிய மருத்துவம்"னு பச்சைப் பெயிண்டுல எழுதியிருக்காம். பேருக்கு முன்னால "டாக்டர்"னு மட்டும் போட்டுராதேயும். அதைப் போட்டா போலீசு வரும். "பாரம்பரிய வைத்தியர்"னு போட்டா மாலை வரும்.

உமக்கு வைத்தியம் சொல்லித்தர எனக்கு என்ன தகுதி இருக்கு? எனக்குத் தெரிஞ்சதெல்லாம் கொஞ்சம் தேரிக்காடு, அதுல முளைக்கிற செடி, அதைத் தின்னுட்டுப் பிழைச்சவன், அதைத் தின்னுட்டுப் போய்ச் சேர்ந்தவன். அம்புட்டுதான். ஆனா தொழில் ரகசியம் கொஞ்சம் சொல்லுதேன், கேட்டுக்கிடும். மருமவன்கிட்ட காசு வாங்கப்படாது, சும்மாவே சொல்லுதேன்.

மருந்தைத் தேடி அலையாதேயும் வே. முதல்ல நோயைப் பாத்துத் தேர்ந்தெடும். எந்தச் சீக்கு தானாப் போவுமோ அந்தச் சீக்காப் பிடிக்கணும். மஞ்சக்காமாலை இருக்கே, அது வைத்தியனுக்குன்னே ஆண்டவன் படைச்சது. கெட்ட தண்ணியிலயும் சோத்துலயும் வார காமாலையை 'ஹெப்படைட்டிஸ் ஏ'ன்னு சொல்லுதாவ. பெரும்பாலும் சில வாரத்துல அது தானாவே வடிஞ்சுரும். இங்கிலீசு டாக்டரு அதுக்குத் தனி மருந்து ஒண்ணும் எழுதமாட்டாரு. "ரெஸ்ட் எடுங்க, தண்ணி குடிங்க, சாராயத்தைத் தொடாதீங்க"ன்னு சொல்லி அனுப்பிருவாரு. அங்கதான் உமக்கு வேலை. காலையில வெறும்வயித்துல கீழாநெல்லியை அரைச்சு மோருல கலக்கிக் குடும். மூணாம் வாரம் கண்ணு வெளுக்கும், ஊரு பூரா உம்ம பேரு பரவும். கோழி கூவுனதாலதான் பொழுது விடிஞ்சுதுன்னு சொன்னா, சூரியன் இறங்கி வந்து மறுப்பு சொல்லவா போவுது?

ஒரே ஒரு தொந்தரவு உண்டு. பித்தக்குழாயில கல்லு அடைச்சவனும் அதே மஞ்சக் கண்ணோடதான் உம்ம வாசலுக்கு வருவான். எலிக்காய்ச்சல் வந்தவனும் அப்படித்தான் வருவான், ஈரல் சுருங்குன குடிகாரனும் அப்படித்தான், கணையத்துல புத்து வந்த பெரியவரும் அப்படித்தான். இவங்களுக்கு மோரு குடுத்துக் காத்திருந்தா கண்ணு வெளுக்காது, ஆளுதான் வெளுப்பான். அதுக்கு என்ன செய்யணும்னா, முதல் நாளே பத்தியம் சொல்லி வச்சிரணும். உப்பு ஆகாது, புளி ஆகாது, எண்ணெய் ஆகாது, எண்ணெய்க் காத்துகூடப் படப்படாது. பிழைச்சா வைத்தியரு கைராசி. செத்தா, "ராத்திரி யாருக்கும் தெரியாம ஊறுகாய் தொட்டிருக்காரு". இத்தனை வசதியுள்ள தொழிலு வேற எதுல உண்டு சொல்லும்?

கீழாநெல்லியை நான் கேலி பண்ணலை, பாத்துக்கிடும். அந்தச் செடிக்கு உம்மைவிட எம்புட்டோ மரியாதை கிடைச்சிருக்கு. 1988ல மெட்ராஸ் பல்கலைக்கழகத்துத் தியாகராஜன் கூட்டத்தாரு, ஹெப்படைட்டிஸ் பி கிருமியை உடம்புல சுமந்துக்கிட்டுத் திரிஞ்ச ஆளுவளுக்கு கீழாநெல்லிப் பொடியை ஒரு மாசம் குடுத்துப் பாத்தாவ. கூட இருந்தவரு அந்தக் கிருமியைக் கண்டுபிடிச்சு 1976ல நோபல் பரிசு வாங்குன அமெரிக்காக்காரரு ப்ளும்பெர்க். பொடி தின்ன 37 பேருல 22 பேருக்கு ரத்தத்துல கிருமியோட அடையாளம் மறைஞ்சு போச்சு. மருந்தில்லாத வெறும் பொடி தின்ன 23 பேருல ஒருத்தருக்குத்தான் மறைஞ்சுது. 'லான்செட்'ல அச்சாச்சு, உலகமே திரும்பிப் பாத்தது. நீரா இருந்தா அன்னைக்கே சேனல் ஆரம்பிச்சிருப்பீரு. அவங்க ஆரம்பிக்கலை. வேற வேற ஊருல வேற வேற ஆளுவ திரும்பவும் செஞ்சு பாத்தாவ. அந்தப் பலன் வரலை. வரலைன்னு அதையும் எழுதி அச்சுல போட்டாவ. நீரு இதுவரைக்கும் "வரலை"ன்னு ஒரு வீடியோ போட்டிருக்கீரா? யோசிச்சுச் சொல்லும், அவசரமில்லை.

அந்தச் செடியை உமக்கு அடையாளம் தெரியுமான்னுகூட எனக்குச் சந்தேகந்தான். அன்னைக்கு உம்ம வீட்டு முத்தத்துல காயப் போட்டிருந்தீரே, ஒரு கத்தையை எடுத்துப் பாத்தேன். கீழாநெல்லின்னா ஈர்க்கைப் புரட்டணும், இலைக்கு அடியில கடுகுக்குக் கொஞ்சம் பெரிசா பச்சைக் காயி வரிசையாத் தொங்கும். நீரு காயப் போட்டதுல பாதிக்குக் காயே இல்லை. மீதியில தண்டு சிவந்து வேற என்னமோ கலந்து கிடந்தது. பறிச்சுக் குடுத்த பொம்பளைக்குக் கூலி கிலோக் கணக்கு. அவ கை பச்சையா உள்ளதை எல்லாம் பறிக்கும், அவளைக் குத்தம் சொல்ல முடியாது. அதைப் பொடிச்சு மாவாக்கின பொறவு அகத்தியரே வந்தாலும் எது என்னன்னு சொல்ல முடியாது.

டெங்கும் நல்ல சீக்குதான், தொழிலுக்கு. காய்ச்சல் வந்து மூணாம் நாளு நாலாம் நாளுல தட்டணு இறங்கும், வீட்டுல அழுகை தொடங்கும். பொறவு தானா ஏறும். அது ஏறுற அன்னைக்குப் பப்பாளி இலைச்சாறோட நீரு வாசல்ல நிக்கணும். ரெண்டு நாள் முந்திப் போயிட்டீருன்னா இறங்குனதுக்கு நீருதான் காரணம்னு அடிக்க வருவானுவ. நேரம் பாத்து நிக்கத் தெரிஞ்சவந்தான் கெட்டிக்கார வைத்தியன். ஆனா டெங்குல ஒரு சூது இருக்கு வே. காய்ச்சல் விட்டதும் எல்லாரும் சாமிக்குத் தேங்கா உடைக்கப் போயிருவாவ. கண்டமே அப்பந்தான். காய்ச்சல் இறங்குன அந்த ஒண்ணு ரெண்டு நாளுல ரத்தக்குழாயில இருந்து நீரு கசியும். வயித்துவலி, விடாத வாந்தி, ஈறுல ரத்தம், கைகால் சில்லிட்டுப் போறது, இதுல எது வந்தாலும் தட்டணு எத்தனைன்னு பாத்துக்கிட்டு இருக்கப்படாது, ஆஸ்பத்திரிக்கு ஓடணும், குளுக்கோஸ் ஏத்தணும். பப்பாளி இலை அந்த நேரத்துல பப்பாளி இலைதான்.

2012ல டெங்கு வந்தப்பம் அரசாங்கமே நிலவேம்புக் குடிநீரு குடுத்துது, நானும் வாங்கிக் குடிச்சேன். நிலவேம்புக் குடிநீருன்னா நிலவேம்பு மட்டும்னு நினைக்கீரா? 9 சரக்கு வே. நிலவேம்பு, வெட்டிவேரு, விலாமிச்சை வேரு, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம். 5 கிராம் பொடிக்கு 240 மில்லி தண்ணி ஊத்தி, 60 மில்லியா வத்துறவரைக்கும் அடுப்புல நிக்கணும். வத்தி வரும்போது வீடு பூராவும் ஒரு கசப்பு வாடை எழும்பும் பாரும், அடுத்த வீட்டு நாயி எழுந்து போயிரும். அன்னன்னைக்கு வச்சு அப்பமே குடிக்கணும். கட்சிக்காரனுவ பந்தல் போட்டு டிரம்முல இருந்து மொண்டு ஊத்துனதை நான் பாத்திருக்கேன். நிறத்தைப் பாத்தா நாலு நாளைக்கு முந்தி ஒரு இலை அந்த டிரம் பக்கமாப் பறந்து போயிருக்கும்னு தோணுச்சு. குடிச்சவனுவளும் "கசப்பே இல்லையே, நல்லாருக்கு"ன்னு ரெண்டாம் டம்ளரு கேட்டானுவ.

அதே நிலவேம்பைத்தான் சிறியாநங்கைன்னு சொல்லி, வீட்டு வாசல்ல நட்டா பாம்பு வராதுன்னு நீரு ஒரு வீடியோ போட்டிருக்கீரு. பாத்தேன். எங்க கொல்லையிலயும் நட்டிருக்கேன். போன சித்திரையில அந்தச் செடிக்கு அடியிலதான் சாரைப்பாம்பு சட்டையை உரிச்சுப் போட்டுட்டுப் போயிருந்தது. நல்ல நிழலு பாரும்.

பாம்புக்கடி வைத்தியத்துல மட்டும் கையை வச்சிராதேயும், மருமவனே. இதைக் கேலிக்குச் சொல்லலை. முன்னால செஞ்சவனுவளுக்கு எப்படிப் பேரு வந்துதுன்னு தெரியுமா? கடிக்கிற பாம்புல நிறைய விஷமில்லாதது. விஷப்பாம்பே கடிச்சாலும் சில நேரம் விஷம் இறக்காமப் போயிரும். அவனுக்கெல்லாம் நீரு எந்த இலையைக் கசக்கிக் குடுத்தாலும் பிழைப்பான். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன், இந்த நாலுல ஒண்ணு கடிச்சு விஷம் இறங்கிட்டுன்னா இலை பேசாது, ஊசிதான் பேசும். நம்ம நாட்டுல வருசத்துக்கு ஏறக்குறைய 58,000 பேரு பாம்பு கடிச்சுச் சாவுதாவன்னு கணக்கு எடுத்திருக்காவ. அதுல பெரும்பாலும் நம்மளை மாதிரி பட்டிக்காட்டு ஆளுவ, வயல்லயும் வீட்டுத் தரையிலயும் கடிபட்டவங்க. மகாபலிபுரம் போற வழியில வடநெம்மேலின்னு ஒரு ஊரு, அங்க 1978ல இருந்து இருளர் கூட்டுறவுச் சங்கம் இருக்கு. காட்டுல எந்த வேரு எதுக்குன்னு அவங்களுக்குத் தெரியாததா உமக்குத் தெரியப் போவுது? அந்த ஆளுவதான் பாம்பைப் பிடிச்சு விஷத்தை எடுத்து மருந்துக் கம்பெனிக்குக் குடுக்காவ. அதைக் குதிரைக்குக் கொஞ்சங் கொஞ்சமா ஏத்தி, குதிரை ரத்தத்துல இருந்து எடுக்கிறதுதான் அந்த ஊசி. அரசாங்க ஆஸ்பத்திரியில சும்மாவே போடுதாவ. கடிபட்டவனுக்கு நீரு செய்யக்கூடிய ஒரே வைத்தியம் உம்ம மோட்டார் சைக்கிளை எடுக்கிறதுதான்.

இப்பம் உம்ம போர்டுக்கு வாரேன். பக்கவிளைவே இல்லையாமே.

நம்ம தேரியில விளையுதே நிலாவாரை, அதுக்கு ஆளுக்கொரு பேரு. கப்பல்காரன் வச்ச பேரு 'திருநெல்வேலி சென்னா'. அரபு நாட்டுப் பக்கமிருந்து வந்த செடி நம்ம செம்மண்ணுல ஊரு பேரையே வாங்கிக்கிட்டுது. இலையை உருவி, நிழல்ல உணத்தி, மஞ்சள் கலந்த பச்சை மாறாம மூட்டை கட்டி, தூத்துக்குடி வழியா வெளிநாட்டுக்குப் போயிட்டே இருக்கு. மலச்சிக்கலுக்கு அங்க டாக்டருமாரே எழுதிக் குடுக்கிற மருந்து அது. ராத்திரி குடிச்சா காலையிலதான் வேலை செய்யும். பெருங்குடல்ல இருக்கிற கிருமி அதை உடைச்சாத்தான் வேலையே தொடங்கும், அதுக்கு 6 மணியில இருந்து 12 மணி நேரம் ஆவும். அம்புட்டு நிச்சயமா வேலை செய்யுது. அதனாலதான் பக்கவிளைவும் நிச்சயமா இருக்கு. மாசக்கணக்குல நாளும் குடிச்சா பேதியோட பேதியா உடம்புல பொட்டாசியம் வடிஞ்சுரும், நெஞ்சு படபடக்கும், கைகால் சோர்ந்து போவும். உம்ம "30 நாளில் உடல் இளைக்கும் அற்புதச் சூரணம்" என்ன சரக்குன்னு ஊருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். நம்ம காட்டுல இருந்துதானே மூட்டை எடுத்துட்டுப் போனீரு? வாங்கித் தின்ன பிள்ளைய தராசுல ஏறி நின்னு, ரெண்டு கிலோ குறைஞ்சுதுன்னு உமக்கு நன்றி எழுதியிருக்கு. குறைஞ்சது கொழுப்பு இல்லை வே, குடல்ல கிடந்த தண்ணி.

சுடுகாட்டுப் பூன்னு நாம ஒதுக்கி வச்ச நித்தியகல்யாணி கதை இன்னும் நல்லாருக்கும். ஜமைக்கா தீவுல அந்த இலையைக் கொதிக்க வச்சுச் சர்க்கரை வியாதிக்குக் குடிச்சிருக்காவ. சரி, பாப்போம்னு கனடாவுல நோபிள், பீர்னு ரெண்டு பேரு எலிக்குக் குடுத்துப் பாத்தாவ. சர்க்கரை குறையலை. எலி ரத்தத்துல வெள்ளை அணு குறைஞ்சு போச்சு. வேற ஆளா இருந்தா எலியோட சேர்த்து இலையையும் தூக்கிக் குப்பையில போட்டிருப்பான். வெள்ளை அணு கட்டுமீறிப் பெருகுற ரத்தப் புத்துக்கு இது ஆவுமேன்னு அவங்க நினைச்சாவ. 1958ல வின்பிளாஸ்டின்னு ஒண்ணு வந்துது, பொறவு வின்கிரிஸ்டின். இன்னைக்கும் ரத்தப் புத்து வந்த பிள்ளையளுக்கு ஏத்துற மருந்து அது. ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்க ஏறக்குறைய 500 கிலோ காய்ஞ்ச இலை வேணும். நம்ம தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கத்துல வானம் பாத்த பூமியில அதைப் பயிராவே போடுதாவ. நீரு என்னடான்னா, அஞ்சு பூவைத் தண்ணியில போட்டுக் குடிச்சா சர்க்கரை பறந்துரும்னு இன்னும் ஜமைக்கா கதையையே சொல்லுதீரு. எலிகூட அந்தக் கதையைத் தாண்டி வந்துட்டுது.

செங்காந்தளும் அப்படித்தான். நம்ம மாநிலப் பூவு. தாராபுரம், மூலனூரு, ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கம் கண்வலிக்கிழங்குன்னு பந்தல் போட்டு வளக்காவ. விதை வெளிநாட்டுக்குப் போவுது. அதுல உள்ள கோல்சிசின் கால் கட்டைவிரல் வீங்கித் துடிக்கிற வாதத்துக்குக் கைகண்ட மருந்து. மாத்திரையில எம்புட்டு இருக்கும்னு நினைக்கீரு? அரை மில்லிகிராம். அம்புட்டு தூசிக்கே வயித்தைக் கலக்கும். அதே செடியைக் கிழங்கோட தின்னவன் திரும்பி வாரது கஷ்டம். இதுவும் இயற்கைதான், இதுவும் மூலிகைதான், ரசாயனம் கலக்காததுதான். உம்ம போர்டுல உள்ள அத்தனை வார்த்தையும் இதுக்கும் பொருந்தும்.

கொரோனா காலத்துல சீந்தில் கொடியை வெட்டாத வீடு உண்டா? எதிர்ப்புச் சக்தின்னு சொல்லி மாசக்கணக்காக் குடிச்சாவ. 2020ல மும்பையில சீந்தில் குடிச்சவங்கள்ல 6 பேருக்கு ஈரல் கெட்டுப் போச்சுன்னு அங்குள்ள டாக்டருமாரு எழுதினாவ. ஆயுஷ் அமைச்சகம், "அது அசல் சீந்திலான்னே நீங்க சரியாப் பாக்கலை, அதைப் போலவே இருக்கிற வேற கொடியா இருக்கும்"னு மறுத்துச் சொல்லிச்சு. யாரு சொன்னது சரின்னு நான் தீர்ப்பு சொல்லலை. அமைச்சகத்தோட பதிலையே எடுத்துக்கிடும். கொடி மாறுனா ஈரல் போவும்னுதானே அதுக்கு அர்த்தம்? கொத்தமல்லியும் புதினாவுமா ஒண்ணாப் போட்டு வாங்கிட்டு வார நீரு, கொடியைப் பிரிச்சு அடையாளம் சொல்லுவீரா?

இம்புட்டும் சொல்லுதாரே, மாமா மூலிகைக்கு எதிரின்னு நினைச்சிராதேயும். கொல்லையில ஆடாதோடை நிக்கி. இருமல் வந்தா பழுத்த இலை ரெண்டு மூணைத் தேர்ந்து, மிளகு தட்டிப் போட்டு, கருப்பட்டி சேத்துக் கஷாயம் வச்சு உங்க அத்தை குடுப்பா, நெஞ்சுச்சளி இளகும். அந்த இலையில உள்ள வாசிசினைப் பாத்துத்தான் புரோம்ஹெக்சின்னு மருந்தே செஞ்சிருக்கான். மெடிக்கல்ல விக்கிற இருமல் டானிக்கு டப்பாவைத் திருப்பிப் பாரும், அதுவோ அதோட தம்பி அம்புராக்சாலோ இருக்கும். ஆனா வயித்துப் பிள்ளைக்காரிக்கு அத்தை அந்தக் கஷாயத்தைத் தரமாட்டா, கருப்பையைச் சுருக்கும்னு அவளுக்குத் தெரியும். ரெண்டு வாரம் தாண்டியும் இருமுனா அவளே, "போயி சளி டெஸ்ட் எடுத்துட்டு வாங்க, டி.பி.யா இருக்கப் போவுது"ன்னு துரத்துவா. அவளுக்குச் சேனல் கிடையாது.

பாளையங்கோட்டையில 1964ல இருந்து அரசாங்கச் சித்த மருத்துவக் கல்லூரி நடக்கு. தாம்பரத்துல 2005ல இருந்து தேசிய நிறுவனமே இருக்கு. அஞ்சரை வருசம் படிக்காவ அந்தப் பிள்ளைய. நாடியும் பிடிச்சுப் பாக்காவ, ரத்தமும் எடுத்துப் பாக்காவ. எந்தச் சரக்கை எப்படிச் சுத்தி செய்யணும், எதை எதோட சேக்கப்படாதுன்னு பரீட்சை எழுதுதாவ. நீரு அஞ்சரை நிமிச வீடியோ பாத்துட்டு வந்து அந்தப் பிள்ளையளை "படிச்சுக் கெட்டவங்க"ன்னு பேசுதீரு. சித்தரு பேரைச் சொல்லிச் சித்த வைத்தியனையே திட்டுறதுக்கு உம்மால மட்டுந்தான் முடியும். அதோட 1954லயே ஒரு சட்டம் போட்டு வச்சிருக்காவ. சர்க்கரை, புத்துநோய், வலிப்புன்னு 54 வியாதியைப் பட்டியல் போட்டு, இதைக் குணமாக்குவேன்னு எவனும் விளம்பரம் செய்யப்படாதுன்னு. உம்ம போர்டுல அதுல எத்தனை இருக்குன்னு எண்ணிப் பாக்க ஆரம்பிச்சேன், கண்ணு கூசிட்டு.

"மாமா, இங்கிலீசு மருந்து பூராவும் விஷம்"னு சொல்லப் போறீரு, வாயைத் திறக்கிறது தெரியுது. கேளும். சர்க்கரைக்கு மெட்பார்மின்னு ஒரு மாத்திரை, நாட்டுல பாதி வீட்டுல இருக்கும். ஐரோப்பாவுல கலேகான்னு ஒரு செடி, அதுல உள்ள சத்தைப் பாத்து, அதுல விஷம் கூடின பாகத்தை விட்டுட்டு, அதே சாடையில செஞ்ச மருந்துதான் அது. 1957ல பிரான்சுல ஒரு டாக்டரு மனுசனுக்குக் குடுத்த பலனை எழுதினாரு. அந்த மாத்திரைக்கும் தாத்தா ஒரு செடிதான் வே. எத்தனை மில்லிகிராம், யாருக்கு, கிட்னி எப்படி இருந்தா குடுக்கப்படாதுன்னு அளந்து வச்சிட்டான். நீரு ஒரு கை அள்ளிப் போடுதீரு.

சர்க்கரைன்னதும் உமக்குச் சிறுகுறிஞ்சான் நினைவு வந்திருக்கும். இந்தாரும், வேலியில இருந்து பறிச்சு வச்சிருக்கேன், ரெண்டு இலையை வாயில போட்டு நல்லா மெல்லும். துப்பாதேயும், நாக்கு பூராவும் படட்டும். சரி, இப்பம் இந்த உடன்குடிக் கருப்பட்டியைக் கடியும். எப்படி இருக்கு? மண்ணைத் தின்ன மாதிரி இருக்கா? அதுல உள்ள ஜிம்னீமிக் அமிலம் நாக்குல இனிப்பு தெரியிற இடத்தைக் கொஞ்ச நேரத்துக்கு அடைச்சிரும். நாக்குக்கு இனிப்பு தெரியலை, ஆனா கருப்பட்டி உள்ளுக்குள்ள போயிட்டுதா இல்லையா? ரத்தத்துல ஏறுமா ஏறாதா? இனிப்பு தெரியலைங்கிறதுக்காகச் சர்க்கரை இல்லைன்னு ஆவாது. உம்ம வீடியோவைப் பாக்கிறவனுக்கும் இதேதான் நடக்கு. ஆவாரை பூத்திருக்கையில சாவாரைக் கண்டதுண்டோன்னு பழமொழி சொல்லி முடிக்கீரு. ஆவாரை நல்லாப் பூக்கிற நம்ம ஊருலயும் சுடுகாடு உண்டு, நடந்தே போயிரலாம்.

சரி, கடைசி சமாச்சாரம். இதுக்குத்தான் உம்மைக் கூப்பிட்டு விட்டேன்.

"எங்கம்மாவுக்கு 280 இருந்த சர்க்கரை, மாத்திரையே இல்லாம என் சூரணத்தால் 130க்கு வந்தது"ன்னு ஒரு வீடியோ போட்டிருக்கீரு. லட்சம் பேரு பாத்திருக்கானுவ. அதுக்குக் கீழ எத்தனையோ பேரு "நானும் மாத்திரையை நிறுத்திட்டேன் ஐயா"ன்னு எழுதியிருக்கான். உங்கம்மா எனக்குத் தங்கச்சி. மகன் மாத்திரை அட்டையைப் பிடுங்கிக் குப்பையில போட்டுட்டான்னு அழுதுக்கிட்டு வந்தா. மகன் மனசு நோவப்படாது, உசுரும் போவப்படாது, நான் என்ன செய்யட்டும் அண்ணேன்னு கேட்டா. அன்னைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி சீட்டு புதுப்பிச்சு மாத்திரை வாங்கினோம். அட்டை இந்தா, இந்தப் பெட்டியிலதான் இருக்கு. காலையும் ராத்திரியும் பால் ஊத்த வாரேன்னு சொல்லிட்டு வந்து இந்தத் திண்ணையில உக்காந்துதான் போட்டுட்டுப் போறா. உம்ம சூரணத்தை எங்க வீட்டு முருங்கைக்குப் போடுதா. முருங்கை நல்லா இருக்கு, அதுக்குச் சர்க்கரை இருந்துதான்னு எனக்குத் தெரியாது.

130 யாரால வந்துதுன்னு இப்பம் தெரிஞ்சுதா? அம்மாகிட்ட சண்டைக்குப் போவாதேயும், நான் சொன்னேன்னும் சொல்லாதேயும். முதல்ல போனை எடுத்து அந்த வீடியோவை அழியும். அழிச்ச கையோட, மாத்திரையை நிறுத்துனேன்னு எழுதின ஒவ்வொருத்தனுக்கும், "நிறுத்தாதீங்க, டாக்டரைப் போயிப் பாருங்க"ன்னு பதில் எழுதும். ராத்திரி ஆனாலும் சரி, எழுதி முடிச்சுட்டு எழுந்திரும். சோறு இங்கேயே போடச் சொல்லுதேன்.